ஆண்டவர் என்னிடம் சொல்லவில்லை

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் படிக்கட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பாஸ்டர் உதயாவையும் அவள் அம்மா குப்பம்மாவையும் கொஞ்சம் இருந்து போகச் சொன்னார். எர்ணாவூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடக்கிற சின்ன சபை அது. கீபோர்டு வாசிக்கும் ஜெபின்தான் எப்போதும் கடைசி ஆளாக வயர்களைச் சுருட்டி வைத்துவிட்டுப் போவான். அன்று வயர்கள் தரையில் அப்படியே கிடந்தன. அவன் முதல் ஆளாக இறங்கிப் போய்விட்டிருந்தான்.

பாஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. ஜெபின் உபவாசமிருந்து தன் கல்யாணத்துக்காக ஜெபித்ததாகவும், அந்த ஜெபத்தில் ஆண்டவர் அவனுக்கு உதயாவின் முகத்தைக் காட்டியதாகவும் சொன்னார். அவன் வந்து சொன்ன அன்றே தன் உள்ளத்திலும் அதே நிச்சயம் வந்தது என்றார். குப்பம்மா இரண்டு கைகளையும் தூக்கி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

உதயா மட்டும் மின்விசிறியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் சொல்லலியே, ஐயா."

பாஸ்டர் சிரித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. ஜெபம் பண்ணு, உனக்கும் சொல்வார் என்றார்.

குப்பம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். புருஷன் குடித்தே செத்துப்போன வருஷம், இரண்டு பிள்ளைகளோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளை யாரோ இந்தச் சபைக்கு அழைத்து வந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு நடப்பதெல்லாம் ஆண்டவர் நடத்துவதுதான். ஆட்டோ சீக்கிரம் கிடைத்தால் அவர் அனுப்பியது. வஞ்சிரம் விற்காமல் கெட்டுப்போனால் அவர் ஏதோ கற்றுக்கொடுக்கிறார். உதயாவும் விசுவாசிதான். எண்ணூர் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டின் எடைமேடையில் அவளுக்கு வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஏறி நிற்கும் டிரெய்லர்களின் எடையைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் அவள் ஜெபம் பண்ணுவாள். ஆண்டவர் கேட்கிறார் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவளை அரித்தது வேறு. ஜெபினை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆராதனை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் அவன் தனக்காகக் கொஞ்சம் வாசித்துக்கொண்டிருப்பான். தப்பாகப் போனால் தானே தலையை ஆட்டிச் சிரித்துக்கொள்வான். அதைப் பார்ப்பதற்காகவே அவள் பாய்களை மெதுவாகச் சுருட்டுவாள். என்றைக்காவது ஒரு வார்த்தை பேசுவான் என்று காத்திருந்தாள். கடைசியில் பேசினான். ஆனால் அவளிடம் பேசவில்லை. ஆண்டவரிடம் பேசி, பாஸ்டரிடம் பேசி, எல்லாம் முடிவான பிறகு அவளுக்குத் தகவல் வந்தது. இனி அவள் சரி என்றால் அது கீழ்ப்படிதல், முடியாது என்றால் கலகம். அவளுக்கென்று அதில் மிச்சம் எதுவும் இல்லை.

அவள் ஜெபித்தாள். பதில் வரவில்லை. எடைமேடையில் உட்கார்ந்து அடையாளம் கேட்க ஆரம்பித்தாள். அடுத்த டிரெய்லர் நீல நிறமாக வந்தால் அவர் சித்தம். நீலமே வந்தது. உடனே, இன்னொரு முறை பார்ப்போம் என்று நினைத்தாள். சிவப்பு வந்தது. இப்படியே நாள் முழுக்கப் போயிற்று. ஒரு டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, எடை போட்டாச்சா இல்லையா என்று கேட்கிற வரைக்கும் அவன் வண்டியின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் பாஸ்டரிடம் போய் எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அவர் அதட்டவில்லை. ஆண்டவர் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார் என்றுதான் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, ஆனால் அவர் சித்தத்தை விட்டு வெளியே போகிறவர்களுக்கு அங்கே பாதுகாப்பு இல்லை என்றும் சொன்னார். உதயா வீடு வரைக்கும் அந்த இரண்டு வாக்கியத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தாள். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் வெளியே நாய் கட்டியிருக்கிறது. இதற்குப் பெயர் கட்டாயம் இல்லையென்றால் வேறு என்ன?

அடுத்த ஞாயிறு பிரசங்கம், ஆண்டவர் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் வேறு திசைக் கப்பலில் ஏறி ஓடிய தீர்க்கதரிசியைப் பற்றி. ஒரு மனுஷன் கீழ்ப்படியாததால் கப்பலில் இருந்த எல்லோருக்கும் புயல் வந்தது என்று பாஸ்டர் சொன்னபோது அவர் உதயாவைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள். ஜெபின் தலையைக் குனிந்து கீபோர்டின் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

உதயாவின் தம்பி ரகுபதி அப்போது கடலில் இருந்தான். காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் வேலை. ஆந்திரா பக்கம் வரைக்கும் போய் நாள்கணக்கில் தங்கி மீன் பிடித்து வருவார்கள். அந்த வாரக் கடைசியில் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் உருவாகி, புயலாக மாறும் என்று எச்சரிக்கை வந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். மற்ற படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ரகுபதி போன படகு வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதிலே இல்லை.

குப்பம்மா மீன்கூடையைத் தொடவில்லை. விடிந்ததும் படகுகள் அணையும் ஜெட்டிக்குப் போய் உட்கார்ந்தால் இருட்டுகிற வரை எழுந்திருக்க மாட்டாள். உதயா லீவு சொல்லிவிட்டு அவளோடு போனாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம் ஓயவே இல்லை. சபையிலிருந்து சில பெண்கள் வந்து சுற்றி நின்று ஜெபித்தார்கள். அவர்களில் பக்கத்துத் தெரு ஷாலு உதயாவின் வயதுக்காரி, கெட்ட மனசுக்காரி இல்லை. அவள்தான் உதயாவைத் தனியே இழுத்துப் போய், மனசுக்குள்ளேயாவது சரி என்று சொல்லிவிடு, யாருக்கும் தெரிய வேண்டாம், ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும் என்றாள்.

உதயா திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குப்பம்மா கடலைப் பார்த்தபடியே பேசினாள்.

"உன்னாண்ட நான் இன்னாவும் கேக்கல, உதயா. எம் புள்ளைய மட்டும் கேக்கறேன்."

அதற்கு மேல் உதயாவால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜெட்டியின் முனை வரைக்கும் நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். கடல் அழுக்குப் பச்சையாகப் புரண்டுகொண்டிருந்தது. தான் ஒருத்தி முடியாது என்றதற்காக அதன் மேல் எங்கேயோ தம்பி தத்தளிக்கிறானா? அப்படி ஒருவர் செய்வாரா? செய்ய மாட்டார் என்று அவள் மனசு சொன்னது. செய்தால் என்ன பண்ணுவாய் என்று பயம் கேட்டது. முனையில் படகுக் கயிறு கட்டுகிற இரும்புக் குமிழைப் பிடித்துக்கொண்டு, அவன் உயிரோடு வந்தால் நான் ஜெபினைக் கட்டிக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் மனசு அமைதியாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம் படகு வந்தது. பெரிய தெலுங்குப் படகு ஒன்று அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. ரகுபதி உதடு வெடித்து, கண் சிவந்து, நடக்கத் தெரியாதவன் போல ஜெட்டியில் கால் வைத்தான். குப்பம்மா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். உதயா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, சொன்ன வார்த்தை ஞாபகம் வந்து அவள் பிடி தளர்ந்தது.

அன்றே அம்மாவிடம் அதைச் சொன்னாள். ஆண்டவருக்கே வாக்கு குடுத்து பொருத்தனை பண்ணிட்டியா என்று குப்பம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். இனி அதில் பேச எதுவும் இல்லை என்பதுதான் அந்த அணைப்புக்கு அர்த்தம்.

அந்த வாரத்தில் உதயா ஜெபினுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். மணலியில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக் அவன். ஷிப்ட் முடிந்து கிரீஸ் போகாத கையோடு, எடைமேடைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தான். ஓட்டமாக ஓடும் டிரெய்லர்களின் புழுதிக்கு நடுவில், தம்பி வந்துவிட்டான், நான் பொருத்தனை பண்ணியிருக்கிறேன், அதனால் எனக்குச் சம்மதம் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். அவன் டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டான்.

"அப்போ என்னப் புடிச்சி சொல்லல நீங்க."

"அத யாரும் என்னாண்ட கேக்கவே இல்லியே, பிரதர்."

அவன் கையிலிருந்த கிரீஸைப் பேன்ட்டில் துடைத்தான். பிறகு, பயத்தில் நேர்ந்துவிட்ட பொண்டாட்டி தனக்கு வேண்டாம் என்றான். உதயாவுக்கு ஆத்திரம் வந்தது. நான் சொன்னது உங்களிடம் இல்லை, ஆண்டவரிடம். நீங்கள் வேண்டாம் என்றால் நான் அவருக்கு என்ன பதில் சொல்வேன். என் தம்பி மறுபடி கடலுக்குப் போகிறவன் என்று சத்தமாகவே பேசிவிட்டாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஜெபின் குரலை இறக்கிச் சொன்னான்.

"அது ஆண்டவர் காட்டுனதா, நான் ஆசப்பட்டதான்னு எனக்கே தெர்ல சிஸ்டர். எப்ப கண்ண மூடுனாலும் உங்க மொகந்தான் வரும். ஜெபம் பண்ண சொல்லவும் வந்துச்சு. பாஸ்டராண்ட சொன்னேன். அவரு, அது ஆண்டவர்தான்னாரு. எனக்கு அது சவுரியமா பூட்ச்சி."

"இன்னா சவுரியம்?"

"நீங்க முடியாதுன்னு சொன்னா, என்ன வேணாம்னு சொன்னதா ஆவாது இல்ல? ஆண்டவர வேணாம்னு சொன்னதாத்தான ஆவும்."

சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். உதயா கூண்டுக்குத் திரும்பினாள். அவன் மேல் கோபமா, இரக்கமா, இல்லை வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் அன்று இரண்டு வண்டிகளின் எடையைத் தப்பாகப் போட்டு மேனேஜரிடம் திட்டு வாங்கினாள்.

பொருத்தனை விஷயம் ரகுபதி காதுக்கு எட்டியபோது அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். அதுவரை கடலில் நடந்ததை அவன் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னான். இன்ஜின் நின்றுபோய், வயர்லெஸ் நனைந்துபோய், அலை எங்கே தள்ளுகிறதோ அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் தெலுங்குப் படகு தெரிந்தது. சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டினார்கள்.

"எங்கள பாத்துட்டாங்க, அக்கா. பாத்துட்டு தாண்டிப் போய்க்கினே இருந்தாங்கோ. அவ்ளோதான்னு நெனச்சிட்டேன். அப்பால தூரமா போயி நின்னுச்சு. ரொம்ப நேரம் அப்டியே நின்னுச்சு. திரும்புமா திரும்பாதான்னு தெர்ல. அந்த நேரத்த மட்டும் என்னால மறக்க முடியாது. அப்பாலதான் திரும்புச்சு."

திரும்பினால் புயலுக்குள்ளேயே வர வேண்டும், இரண்டு படகும் போய்விடும் என்று அந்தப் படகுக்காரர்களே தங்களுக்குள் சண்டை போட்டிருக்கிறார்கள். ஓட்டியவர்தான் கடைசியில் சுக்கானைத் திருப்பியிருக்கிறார்.

ஏன் திரும்பினார் என்று உதயா கேட்டாள். அதை மறுபடி மறுபடி கேட்டாள். ரகுபதியும் அவரிடம் கேட்டிருக்கிறான். விட்டுவிட்டுப் போனால் அப்புறம் தூக்கம் வராது என்று அரைகுறைத் தமிழில் சொன்னாராம். சாமி கும்பிடுகிறவரா என்று கேட்டாள். படகு முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது என்றான்.

"நீ ஜெட்டில நின்னு பொருத்தன பண்ணியே, அதுக்கு மின்னாடியே அவரு கயிறு கட்டிட்டாரு, அக்கா. நாங்க அப்பவே வந்துகினு கீறோம். நீ எதையும் குடுத்து என்ன வாங்கல."

உதயாவுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. ஆனால் அடுப்படியிலிருந்த குப்பம்மா விடவில்லை.

"நீ அப்டி சொல்லுவன்னு ஆண்டவருக்கு மின்னாடியே தெரியாதா?"

 ரகுபதி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். உதயா வெளியே வந்து தெருமுனை வரை நடந்தாள். தெரியும் என்றால், முதலில் முடியாது என்று சொல்வதும் அவருக்குத் தெரியும். ஜெபின் டீ கிளாஸைக் கீழே வைப்பான் என்பதும் தெரியும். எல்லாம் முன்பே தெரிந்த ஒருவரின் முன்னால் அந்தத் தெலுங்குக்காரர் கடலில் நின்று யோசித்தது எதற்கு? அவர் யோசித்தது உண்மையான யோசனைதானா? உண்மைதான் என்று அவளுக்குத் தோன்றியது. ரகுபதியின் கண்ணில் அந்த நேரம் இன்னும் இருந்தது. அந்த யோசனை நடிப்பாக இருந்தால் அவனுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அவள் இதையெல்லாம் பாஸ்டரிடம் போய்க் கொட்டினாள். வார நாள் என்பதால் சபையில் யாரும் இல்லை. அவர் பனியனோடு உட்கார்ந்து ஒரு பழுதான மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். திருகாணிகளை ஒரு மூடியில் போட்டு வைத்தார்.

"மைக்க புடிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசறேம்மா. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சந்தான்" என்றார். "ஆனா இது தெரியும். பயத்துல சொன்ன ஒரு வார்த்தைய வெச்சி ஆண்டவர் யாரையும் கட்டிப் போட மாட்டாரு. நானும் அன்னிக்கு அந்தப் பிரசங்கத்த பண்ணிருக்கக் கூடாது."

அவள் தலையில் கை வைத்து, அந்தப் பொருத்தனையிலிருந்து அவளை விடுவிக்கும்படி ஜெபித்தார். மற்றதற்கெல்லாம் அவரிடம் பதில் இல்லை. இல்லை என்று அவர் ஒத்துக்கொண்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது. குப்பம்மாவுக்குப் போதவில்லை. பாஸ்டரே விட்டுக்கொடுக்கிறாரே என்று அவள் பல நாள் முணுமுணுத்தாள். ரகுபதி மறுபடி கடலுக்குக் கிளம்பிய அன்று மகளோடு பேசாமலே இருந்தாள். அவன் நல்லபடியாகத் திரும்பி வந்த பிறகுதான் முகம் தெளிந்தது.

ஜெபின் இரண்டு ஞாயிறு சபைக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்து வாசித்தான். கூட்டம் கலைந்ததும் வயர்களைச் சுருட்டி வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் அம்மா வருவதற்காக நின்றுகொண்டிருந்த உதயாவிடம் வந்தான். நேராக அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. எதிரே இருந்த பெட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. இதுல ஆண்டவர் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப கேக்கறது நான்."

"முடியாதுன்னா?"

"எனக்குத்தான் முடியாதுன்னு சொன்னீங்கன்னு எடுத்துக்கிறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நிஜமாகவே யோசித்தாள். அவன் கோபக்காரனா என்று ரகுபதியை விட்டு விசாரித்தாள். சம்பளத்தை என்ன செய்கிறான், கல்யாணத்துக்கு அப்புறம் தான் வேலைக்குப் போவதைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று அவனிடமே கேட்டாள். இரண்டு முறை சண்டையும் போட்டார்கள். ஒரு சண்டையில் அவன் பிடிவாதக்காரன் என்று தெரிந்தது. மறுநாள் தானே வந்து பேசுகிறவன் என்றும் தெரிந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, ரகுபதி வீட்டோடு இருந்த நாட்களில் ஒரு காலை, எடைமேடையில் வண்டி இல்லாத நேரத்தில் அவனுக்குப் போன் செய்து சரி என்றாள். வானத்திலிருந்து எதுவும் வரவில்லை. அடுத்த வண்டி மேடையில் ஏறியது, அதன் எடையைப் பதிவு செய்து அனுப்பினாள்.

கல்யாணத்தை நிச்சயம் செய்த அன்று சபை முழுக்க அல்லேலூயா. ஆண்டவர் சொன்னது நிறைவேறிவிட்டது பார் என்று குப்பம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். உதயாவுக்குள் பழைய அரிப்பு மறுபடி கிளம்பியது. இல்லம்மா, சரின்னு சொன்னது நான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை. அம்மா சொல்வது பொய் என்று நிரூபிக்கவும் அவளிடம் எதுவும் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். உட்காரச் சொன்னவர்களிடம், உட்கார்ந்தால் மனசு தாங்காது என்றாள்.

அதற்கடுத்த வாரம் இருவரும் விம்கோ நகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனார்கள். மாடிப்போர்ஷன். சொந்தக்காரப் பெண்மணி வாசலில் நின்று, வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றாள். ஜெபின் வழக்கம்போல, ஜெபம் பண்ணிட்டு சொல்றோமே என்று ஆரம்பித்தான்.

"பண்ணலாம். அதுக்கு மின்ன நீ சொல்லு. உனக்கு இந்த வூடு புடிச்சிருக்கா?" என்றாள் உதயா.

அவன் திகைத்துப்போய் மறுபடி உள்ளே போனான். அறை அறையாகச் சுற்றினான். குழாயைத் திறந்து பார்த்தான். சமையலறை ஜன்னலைத் தள்ளிப் பார்த்தான். பக்கத்துச் சுவர் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"இருட்டா கீது. எனக்குப் புடிக்கல" என்றான். "உனக்கு?"

அவளுக்குப் பிடித்திருந்தது. ஸ்டேஷன் பக்கம், அம்மா வீட்டுக்கும் வேலைக்கும் சுலபம். அவர்கள் படியிலேயே நின்று வாதாட ஆரம்பித்தார்கள். சொந்தக்காரப் பெண்மணி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.